மழையில் பிரி, வெயிலில் பூசு: மலைவீட்டு ஷெட்டில் பழைய புல்லட்டைச் சீரமைக்க முழுமையான வழிகாட்டி

பழைய வண்டியைப் பிரித்துப் பூட்டுவதற்குச் சமவெளியில் சொல்லித்தரும் முறையை அப்படியே கோத்தகிரியிலோ குன்னூரிலோ செய்தால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். அங்கே உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இரும்பை ஒரு வாரம் கழித்துக்கூடப் பெயிண்ட் அடிக்கலாம். இங்கே ஆடி மாதத்தில் ராத்திரி தேய்த்து வைத்தால் காலையில் மஞ்சள் பூத்திருக்கும். மலையில் வேலையின் வரிசையை முடிவு செய்வது நாம் இல்லை, மழைதான்.

நீலகிரிக்கு இரண்டு மழை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் கொட்டித் தீர்க்கும், ஊட்டியில் சாரலும் மூடுபனியும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அது குன்னூர், கோத்தகிரி பக்கத்துக்கு உரியது. ஜனவரி பின்பாதியில் இருந்து ஏப்ரல் வரைதான் காற்று உண்மையில் காய்ந்திருக்கும். அதனால் திட்டத்தை இப்படிப் போடுங்கள்: முதல் மழையில் பிரிப்பது, அந்த மழைக்காலம் முழுக்க என்ஜினும் கோயம்புத்தூர் லேத் வேலையும், இரண்டாம் மழையில் பிரேக், வயரிங், சில்லறைப் பாகங்கள், தை பிறந்த பிறகு பெயிண்ட், பங்குனி சித்திரையில் பூட்டுதல். அவசரப்பட்டு ஐப்பசியில் பெயிண்ட் அடிப்பவர்கள் மறுபடியும் சுரண்டத்தான் போகிறார்கள்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது நான்கு கியர், வலது பக்க கியர் லிவர், பிளாட்டினம் பாயிண்ட் (ப்ளக்கில் பொறி விழும் நேரத்தைத் திறந்து மூடித் தீர்மானிக்கும் தொடுமுனை), வார்ப்பிரும்பு போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர்) உள்ள பழைய ராயல் என்ஃபீல்டு புல்லட் 350. 1955-இல் சென்னையில் பூட்டத் தொடங்கி, பிறகு திருவொற்றியூர் ஆலையில் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமில்லாமல் தயாரான வண்டி அது. உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது, சாதாரணக் கருவிகளை வைத்தே பிரித்துவிடலாம். முதல் முயற்சிக்கு இதைவிடப் பொறுமையான வண்டி கிடையாது. ஆர்எக்ஸ் 100, யெஸ்டி வைத்திருப்பவர்களுக்கு என்ஜின் பகுதி மட்டும் மாறும். ஷெட், பெயிண்ட், பிரேக், வயரிங் எல்லாம் இதேதான்.

முதலில் புக்

ஸ்பேனரைத் தொடும் முன் ஆர்.சி. புக்கைப் பாருங்கள். புக் இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதை உதிரிபாகமாக மட்டும் நினைத்து விலை பேசுங்கள். என்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர் இரண்டையும் துடைத்து, மேலே வெள்ளைத்தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்து, புக்கில் இருப்பதோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எழுத்துகள் கோணலாக, ஒன்றுக்கொன்று ஆழம் மாறி இருந்தால் யாரோ மறுபடி குத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுகள் பெயர் மாற்றிக் கொடுத்த பிறகு பணம் கொடுங்கள்.

பதிவான நாளில் இருந்து 15 ஆண்டு முடிந்த வண்டிக்கு ஆய்வு செய்து, 5 ஆண்டுக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். பசுமை வரியும் உண்டு. 50 ஆண்டு கடந்த, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத வண்டிகளுக்கு 2021-இல் வந்த மத்திய விதித் திருத்தப்படி வின்டேஜ் பதிவு தனியாக இருக்கிறது, நம்பரில் வி.ஏ. என்ற எழுத்து வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய். ஆனால் அந்தப் பதிவு வாங்கிய வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்ற காரணங்களுக்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். சந்தைக்கும் வேலைக்கும் போக வண்டி வேண்டும் என்றால் சாதாரணப் புதுப்பித்தலே போதும்.

ஷெட்

மலைவீடுகளில் ஷெட் என்றால் பெரும்பாலும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட விறகுக் கொட்டகைதான். அது போதும். ஆனால் தகரக் கூரை வியர்க்கும். பகலில் சூடான காற்று ராத்திரி குளிர்ந்த தகரத்தில் பட்டு, விடியற்காலை சொட்டுச் சொட்டாகக் கீழே விழும். வண்டியும் பாகங்களும் இருக்கும் இடத்துக்கு மேல் ஒரு பிளைவுட்டோ பழைய பலகையோ தாழ்வாக அடித்துவிடுங்கள். சிமெண்ட் தரையில் நேராக எதையும் வைக்க வேண்டாம். மரப்பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.

பாகங்களைத் தார்ப்பாயால் போர்த்தாதீர்கள், ஈரம் உள்ளேயே நிற்கும். பழைய பருத்தி வேட்டி நல்லது. கழற்றிய பேரிங், கியர், கிராங்க் போன்ற பளபளப்பான பாகங்களை எண்ணெய் தடவி, மூடி உள்ள மரப்பெட்டியில் வைத்து, உள்ளே ஒரு பழைய குண்டு பல்பை எரியவிட்டால் மழைக்காலம் முழுக்கத் துரு அண்டாது. பல்பின் மேல் துணியோ எண்ணெயோ படாமல் கம்பி வலை போட்டுவிடுங்கள்.

குளிர் தாங்காமல் ஷெட்டுக்குள் கரி அடுப்பு வைக்கும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. செய்யவே செய்யாதீர்கள். மூடிய அறையில் கரிப்புகை ஆளைச் சத்தமில்லாமல் கொல்லும். மலையில் அப்படி உயிர் போன செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதே அறையில் பெட்ரோல் ஆவியும் இருந்தால் சொல்லவே வேண்டாம். இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

கருவிகளில் ஒரு விஷயம் மட்டும் கவனம். பழைய புல்லட்டில் எல்லா நட்டும் மில்லிமீட்டர் அளவு இல்லை. விட்வொர்த், பி.எஸ்.எஃப். என்ற இங்கிலாந்துக்கார இஞ்ச் அளவு மரைகள் ஏராளம். 'கிட்டத்தட்டப் பொருந்துகிற' ஸ்பேனரைப் போட்டால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அந்த அளவு ஸ்பேனர் செட் ஒன்று வாங்கிவிடுங்கள். அதோடு சுத்தியலால் அடித்தால் திரும்பும் இம்பாக்ட் டிரைவர், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ், கிளட்ச் புல்லர், டைமிங் பினியன் புல்லர். மற்றது எல்லாம் வீட்டில் இருப்பதுதான்.

பிரித்தல்

பெட்ரோலை வெளியே வைத்து வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றுங்கள். அப்புறம் ஒரு நாள் முழுக்க எதையும் கழற்றாமல் போட்டோ எடுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, வயர் எங்கே கிளிப் ஆகிறது, வாஷர் எந்தப் பக்கம், மட்கார்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவில் யார் வைத்தது என்று தெரியாத ஒரு துண்டு ரப்பர், எல்லாவற்றையும். எட்டு மாதம் கழித்து ஞாபகம் வரும் என்று நம்பாதீர்கள்.

பாகங்களை ஜிப் கவரில் போட்டு வைக்கச் சொல்வார்கள். நீலகிரியில் பிளாஸ்டிக் கவருக்குத் தடை, தெரிந்ததுதானே. அது நல்லதுக்குத்தான், கவருக்குள் வியர்த்துத் துருப்பிடிப்பதைவிடத் தேயிலைத் தூள் டப்பாவும் பிஸ்கட் டின்னும் எவ்வளவோ மேல். ஒவ்வொரு டப்பாவிலும் 'முன் மட்கார்டு', 'செயின் கேஸ்' என்று பெயிண்டால் எழுதுங்கள், காகித லேபிள் ஈரத்தில் கழன்றுவிடும். முடிந்தவரை போல்ட்டைக் கழற்றிய ஓட்டையிலேயே திரும்ப விரலால் முடுக்கி வையுங்கள். தொலையவே தொலையாது.

இறுகிய நட்டுக்கு டீசலும் பழைய என்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து, மூன்று நான்கு நாள் காலையும் மாலையும் ஊற்றுங்கள். அப்போதும் வராவிட்டால் புளோ டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கிப் பிறகு முயலுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே கொண்டுபோன பிறகுதான் தீ.

வரிசை இதுதான்: சீட், டேங்க், சைலன்சர், கார்ப்பரேட்டர், வயரிங், என்ஜின், மட்கார்டு, வீல், ஃபோர்க், கடைசியாக ஸ்விங் ஆர்ம். ஆனால் என்ஜினைச் சேஸிஸில் இருந்து இறக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. பின் செயின் மாட்டியிருக்கும்போதே டாப் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கிளட்ச் நட்டையும் என்ஜின் ஸ்பிராக்கெட் பக்க நட்டையும் கியர் பாக்ஸ் ஸ்பிராக்கெட் நட்டையும் தளர்த்திவிட வேண்டும். மேஜையில் இறக்கிய பிறகு என்ஜினைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. அப்போது ஸ்பிராக்கெட் பல்லுக்கு நடுவில் ஸ்க்ரூ டிரைவரைச் சொருகி உடைப்பவர்கள் ஏராளம்.

டைமிங் பக்கம் மூடியைத் திறந்தால் கிராங்க் முனையில் ஆயில் பம்பை ஓட்டும் வார்ம் நட்டு தெரியும். அது இடக்கை மரை. வழக்கம்போல் இடது பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும்; வலது பக்கம் திருப்பித்தான் கழற்ற வேண்டும்.

என்ஜின்

பல வருடம் நின்ற வண்டியில் பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கலாம். இதை மட்டும் என்ஜினை இறக்கும் முன்பே, பின் சக்கரமும் செயினும் மாட்டியிருக்கும்போதே பாருங்கள். ப்ளக் ஓட்டை வழியாக டீசல் கலவையை ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். பிறகு கிக்கரை மிதிக்காமல், டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் லேசாக அசையுங்கள். வரவில்லை என்றால் இன்னொரு வாரம். பிஸ்டன் தலையில் கட்டை வைத்து அடிப்பது கடைசி வழி, அதுவும் போரைக் கழற்ற வேறு வழியே இல்லாதபோது.

ஹெட்டைக் கழற்றும்போது வால்வைத் திறக்கும் நீளக் கம்பிகளான புஷ் ராடு இரண்டையும் இன்லெட், எக்ஸாஸ்ட் என்று அடையாளம் வைத்துவிடுங்கள். போரை எடுத்ததும் உள்சுவரில் மேல் விளிம்புக்குக் கீழே நகத்தால் தடவிப் பாருங்கள். படி தட்டினால் தேய்ந்திருக்கிறது. அசல் அளவு 70 மில்லிமீட்டர் விட்டம், ஸ்ட்ரோக் 90. போர் கேஜால் மேல், நடு, கீழ் மூன்று இடத்தில், ஒவ்வொன்றையும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். வீட்டில் அந்தக் கருவி இருக்காது, கோயம்புத்தூர் போரிங் பட்டறையில் நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். முக்கியம்: முதலில் ஓவர்சைஸ் பிஸ்டனை (அசலைவிடச் சற்றே பெரியது) வாங்கி, அதையும் போரோடு பட்டறையில் கொடுங்கள். கையில் இருக்கும் பிஸ்டனை அளந்துதான் போர் அடிக்க வேண்டும். "பெட்டியில போட்டிருக்கிற அளவே போதும் சார்" என்று சொல்லும் பட்டறையில் இருந்து வணக்கம் சொல்லி வெளியே வந்துவிடுங்கள்.

பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடுதான் இந்த என்ஜினின் உயிர்நிலை. பழைய புல்லட்டில் பெரிய முனையில் உருளை பேரிங் இல்லை, மிதக்கும் புஷ் இருக்கிறது. அது ஆயில் ஓட்டத்தை நம்பியே வாழ்கிறது. பிஸ்டன் கீழே இருக்கும்போது ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். டிக் என்று ஒரு சின்ன ஆட்டம் தெரிந்தாலும் கிராங்கைப் பிரித்துப் புஷ், பின் இரண்டையும் மாற்றியே ஆக வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃப்ளைவீலைப் பிரித்துச் சேர்ப்பது வீட்டு வேலை இல்லை. பிரஸ் வேண்டும், சேர்த்த பிறகு சென்டரில் வைத்துக் கோட்டம் பார்க்க வேண்டும். இதற்குக் கொடுக்கும் கூலியில் பேரம் பேசாதீர்கள். இந்த முழு வேலையில் நான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்லும் இடம் இது ஒன்றுதான்.

வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டு, சீட்டில் சாம்பல் நிறத்தில் விடாத ஒரு வளையம் தெரியும் வரை உருட்டித் தேயுங்கள். ஸ்பிரிங் மாட்டிய பிறகு ஹெட்டைக் கவிழ்த்து மண்ணெண்ணெய் ஊற்றி வையுங்கள். போர்ட் வழியாகக் கசியக் கூடாது. பேஸ்ட் துகள் ஒன்றுகூட மிஞ்சாமல் கழுவ வேண்டும்.

ஆயில் பம்ப் இரண்டு, ஒன்று ஊட்ட, ஒன்று திருப்பி எடுக்க. வட்டுகள் அமரும் முகம் கீறலாக இருந்தால் கண்ணாடித் துண்டின் மேல் மெல்லிய பேஸ்டால் தேய்த்துச் சமப்படுத்துங்கள். டைமிங் மூடியில் கிராங்குக்கு ஆயில் போகும் இடத்தில் இருக்கும் சின்ன சீலைக் கட்டாயம் புதிதாகப் போடுங்கள். பத்து ரூபாய் சமாச்சாரம் என்று விட்டால் பெரிய புஷ் பட்டினி கிடக்கும். கேஸ்கெட் பேஸ்டை அள்ளிப் பூசுகிற பழக்கம் வேண்டாம், உள்ளே பிதுங்கியது ஆயில் ஓட்டையைத்தான் அடைக்கும்.

கியர் பாக்ஸ்? நான்கு கியரும் விழுந்தால், நியூட்ரலுக்குக் கொண்டுவரும் தனி லிவரான நியூட்ரல் ஃபைண்டர் வேலை செய்தால், திறக்காதீர்கள். பழைய கெட்டிக் கிரீஸைக் கழுவிவிட்டு, பாதி இளகிய கிரீஸும் ஆயிலும் கலந்து போட்டால் பல ஆண்டு ஓடும். மெல்லிய ஆயில் மட்டும் ஊற்றினால் தரையில்தான் இருக்கும். பிரைமரி செயினில் நடுவில் கால் இஞ்ச் ஆட்டம் விடுங்கள். செயினை முழுச் சுற்று சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும்.

டேங்க்

மலையில் பாதி பெட்ரோலோடு நின்ற டேங்கின் மேற்பாதி உள்ளே துருவாகத்தான் இருக்கும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பழைய ரப்பர் குழாயையும் சீலையும் ஊதவைக்கும். அதனால் பெட்ரோல் டியூப், டேப் வாஷர், கார்ப்பரேட்டர் ரப்பர் எல்லாம் எத்தனால் தாங்கும் வகையாகப் புதிது போடுங்கள். வண்டி நிற்கும்போது ஒன்று டேங்கை விளிம்பு வரை நிரப்புங்கள், இல்லை முழுக்க வடித்து ஆயில் சுற்றிவிடுங்கள். பாதியில் விடாதீர்கள்.

துருவை எடுக்க, டேப்பைக் கழற்றி ஓட்டையை அடைத்து, ஒரு கைப்பிடி கூரான ஜல்லியும் கொஞ்சம் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்குங்கள். கழுவிவிட்டு வினிகர் நிரப்பி இரண்டு நாள் வையுங்கள். பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே ஹேர் டிரையரால் உலர்த்தி, கையோடு டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றிச் சுழற்றிவிடுங்கள். உலர்த்துவதற்கும் ஆயிலுக்கும் நடுவில் டீ குடிக்கப் போனால்கூட மஞ்சள் பூத்துவிடும். ஓட்டை இருந்தால் வெல்டிங் வேலை தெரிந்தவரிடம் மட்டும். எத்தனை முறை கழுவினாலும் காலி டேங்க் வெடிக்கலாம்.

உயரமும் கார்ப்பரேட்டரும்

ஊட்டி கடல் மட்டத்தில் இருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். காற்று குறைவு, பெட்ரோல் அதே அளவு. ப்ளக் கரி பிடிக்கும், இழுவை மந்தமாகும். கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசியான நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் நீடில் இறங்கும், பெட்ரோல் குறையும். மலையை விட்டு இறங்காத வண்டி என்றால் பெட்ரோல் போகும் துளையான மெயின் ஜெட்டையும் ஒரு படி சின்னதாகப் போடலாம். ஆனால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் என்று அடிக்கடி போகிறவர் ஜெட்டைத் தொடாமல் விடுவதே நல்லது என்பேன். மேலே கொஞ்சம் கரி பிடித்தால் ப்ளக்கைத் துடைத்துக்கொள்ளலாம். கீழே கலவை வறண்டு பிஸ்டன் பிடித்தால் துடைக்க முடியாது.

சேஸிஸ், பெயிண்ட், குரோம்

சேஸிஸைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி மணல் அடித்துப் பவுடர் கோட்டிங் (பொடியாகத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைப்பது) செய்வதா, வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பதா? ஈரம் உள்ள ஊருக்குப் பவுடர் கோட்டிங் நன்றாகத் தாங்கும், ஆனால் ஒரு இடத்தில் கீறினால் அடியில் துரு ஊர்ந்துகொண்டே போகும், வெளியே தெரியாது. பெயிண்ட் என்றால் கீறிய இடத்தை நாமே சரி செய்துகொள்ளலாம். சேஸிஸ், ஸ்டாண்டு, ஸ்விங் ஆர்ம் போன்றவற்றுக்குப் பவுடர், டேங்க், மட்கார்டு, டூல் பாக்ஸுக்குப் பெயிண்ட் என்பது என் கட்சி.

அனுப்பும் முன் சேஸிஸ் நம்பரின் மேல் சூடு தாங்கும் டேப்பை இரண்டு மடிப்பாக ஒட்டிவிடுங்கள். மணல் அடித்தால் எழுத்து மழுங்கும், பவுடர் தடிமனாகப் பிடித்தால் எழுத்து மூடிப்போகும். இரண்டுமே ஆர்.டி.ஓ. ஆய்வில் தலைவலி. ஓட்டையெல்லாம் பவுடர் அடைத்து வரும் என்பதால், பேரிங் அமரும் இடங்களையும் மரைகளையும் மறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் வெல்டிங் இணைப்புகளில், குறிப்பாக சென்டர் ஸ்டாண்டு காதுகளிலும் ஸ்டீயரிங் கழுத்திலும், விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பதில் பயனில்லை. அதை மணல் அடித்த பிறகு, பவுடர் போடும் முன் பார்க்க வேண்டும். ஒரு முறை நேரில் போய்விட்டு வாருங்கள்.

வீட்டில் பெயிண்ட் அடிக்க மாசி மாதம் நல்ல மாதம். விடியற்காலையில் உறைபனி இருந்தாலும் பதினோரு மணிக்கு மேல் வெயில் ஏறும். பதினோரு மணியில் இருந்து மூன்று மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். நான்கு மணிக்கு மேல் பள்ளத்தாக்கில் இருந்து மூடுபனி ஏறி வந்தால் ஈரமான பெயிண்ட் பால் ஊற்றியதுபோல் வெளிறிவிடும். டப்பாவையும் இரும்பையும் வெயிலில் வைத்துச் சற்றே சூடாக்கிய பிறகு அடித்தால் படர்வது நன்றாக இருக்கும்.

வெறும் இரும்பாக்கிய அதே நாளில் பிரைமர் ஏறிவிட வேண்டும். ரெட் ஆக்சைடு மலிவு, ஆனால் அது ஈரத்தை முழுசாகத் தடுக்காது; எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட் போடுங்கள். பட்டியைப் பள்ளத்தை நிரப்ப மட்டும் வையுங்கள். மேலே பி.யூ. (பாலியூரிதேன்) பெயிண்ட் என்றால் அதில் கலக்கும் ஹார்டனர் நுரையீரலுக்கு விஷம், துணி கட்டிக்கொள்வது எதற்கும் உதவாது. கேஸ் ஃபில்டர் உள்ள மாஸ்க் இல்லாமல் ஸ்பிரே பிடிக்கக் கூடாது. அது இல்லை என்றால் கீழே பெயிண்ட் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

டேங்கில் வரும் தங்கக் கோட்டை ஸ்டிக்கராக ஒட்டாதீர்கள். சென்னை ஆலையிலேயே அதைக் கையால்தான் இழுத்தார்கள். நம் ஊரில் போர்டு எழுதும் ஓவியர்கள் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள்; கோடு துளி நடுங்கியிருந்தாலும் அதுதான் அழகு.

குரோம் பற்றிச் சுருக்கமாக: மேலோட்டத் துரு என்றால் அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாலே போகும். குரோம் உரிந்து இரும்பு தெரிந்தால் மறுபடி முலாம் பூச வேண்டும். நிக்கல் அடிப்பூச்சு தடிமனாகக் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரு மழைக்குக்கூட நிற்காது. ஸ்போக் பின்னுவதும் ரிம் கோட்டம் எடுப்பதும் பழைய சைக்கிள் கடை அண்ணன்களின் வேலை. பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பிரேக்

இந்த ஊரில் என்ஜின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் வண்டி வீட்டில் நிற்கும். பிரேக் பிடிக்காவிட்டால்? ஊட்டியில் இருந்து மசினகுடி இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள், குன்னூரில் இருந்து மேட்டுப்பாளையம் இறங்க 14. பழைய டிரம் பிரேக் சூடானால் பிடிப்பை இழந்துவிடும், லிவரை எவ்வளவு அழுத்தினாலும் பலன் இல்லை. ஆகவே பளபளப்புக்கு ஒதுக்கிய பணம் போதவில்லை என்றால் பெயிண்டைத் தள்ளிப்போடுங்கள், பிரேக்கை அல்ல.

டிரம்மைத் திறந்ததும் உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியைக் கட்டித் தூக்கிப் போடுங்கள். டிரம் ஓவலாகியிருந்தால் லிவரில் துடிப்புத் தெரியும். ஸ்போக் பின்னி முடித்த பிறகு, வீலோடு சேர்த்து லேத்தில் வைத்து ஒரு சீவல் எடுக்க வேண்டும், ஏனென்றால் ஸ்போக் இறுக்கும்போதே டிரம் கொஞ்சம் கோணும். புது ஷூவின் முன் விளிம்பை லேசாகச் சரித்துத் தேயுங்கள். கேம் அச்சை எடுத்துத் துருவைச் சுத்தம் செய்து, சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். மழையூரில் பிரேக் இறுகிக்கொள்வதற்குப் பாதிக் காரணம் இந்த அச்சுதான். கேபிள் எல்லாம் புதிது. முன் வீலைத் தூக்கிச் சுற்றிப் பிரேக்கை அழுத்திப் பிடித்த நிலையிலேயே அச்சு நட்டை முடுக்கினால் ஷூ நடுவில் உட்காரும்.

வயரிங்

பழைய வயரிங்கில் ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், புது லூம் (முழு வயர்த் தொகுப்பு) வாங்கிவிடுங்கள். அதற்கு முன் உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பேட்டரியில் எர்த் ஆவது எந்த முனை என்று பழைய இணைப்பிலேயே பார்த்து எழுதி வையுங்கள். பழைய வண்டிகளில் இது மாறும், மாற்றிக் கொடுத்தால் ரெக்டிஃபையர் போய்விடும். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் வயர் வரும் இடத்திலும் என்ஜின் உட்காரும் போல்ட்டுகளிலும் பவுடரைச் சுரண்டி வெறும் இரும்பில் பூட்டி, மேலே வாசலின் தடவுங்கள். 'எல்லாம் புதுசு, ஆனா லைட்டு மினுக்குது' என்று புலம்பும் வண்டிகளில் முக்கால்வாசிக்கு இதுதான் வியாதி. மூடுபனிக்குப் பெரிய பல்ப் போட ஆசை வரும். ரிஃப்ளெக்டரைப் புதிதாக மாற்றிப் பாருங்கள், அதுவே போதும். ஓடும்போது அம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாய்ந்தே இருந்தால் ஆல்டர்னேட்டர் தாங்கவில்லை என்று பொருள்.

பூட்டுதலும் முதல் உதையும்

பெயிண்ட் அடிக்கும் முன்பே ஒரு முறை எல்லாவற்றையும் ஒப்புக்குப் பூட்டிப் பாருங்கள். இன்று கிடைக்கும் மட்கார்டும் டூல் பாக்ஸும் ஓட்டைக்கு ஓட்டை பொருந்துவது அபூர்வம். ராவ வேண்டியதைப் பெயிண்ட்டுக்கு முன் ராவிவிடலாம்.

என்ஜின் ஏறியதும் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி. குளிர்ந்த என்ஜின், பிஸ்டன் கம்ப்ரஷனில் உச்சியில். புஷ் ராடு விரலால் சுற்றும்போது தாராளமாகச் சுற்ற வேண்டும், மேல் கீழ் ஆட்டம் இருக்கக் கூடாது. அவ்வளவுதான், ஃபீலர் கேஜ் வேண்டாம். பிளாட்டினம் இடைவெளி முழுக்கத் திறந்த நிலையில் 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங்குக்கு, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் கீழே மேலேறிக்கொண்டிருக்கும்போது, அட்வான்ஸ் ஆகாத (வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டும் எடைகள் விரியாத) நிலையில் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். நடுவில் ஒரு சிகரெட் தாளைக் கொடுத்து மெல்ல இழுங்கள். தாள் நழுவும் கணம்தான் திறக்கும் கணம்.

ஆயில் 20டபிள்யூ50, சுமார் இரண்டேகால் லிட்டர். ப்ளக்கைக் கழற்றிவிட்டு, ராக்கருக்கு ஆயில் போகும் குழாயின் மேல் போல்ட்டைத் தளர்த்தி, அங்கே ஆயில் கசியும் வரை உதைத்துக்கொண்டே இருங்கள். கசியாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிறகு ப்ளக்கைப் பூட்டி, சாவியைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டர் முள் கழித்தலில் இருந்து நடுவுக்கு வரும் இடம் ஒன்று தெரியும். அங்கே அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷர் லிவரைப் பிடித்துப் பிஸ்டனை உச்சியைச் சற்றே தாண்டவிட்டு, லிவரை விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மூச்சாக முழு உதை. பாதி உதைத்தால் திருப்பி அடிக்கும், கணுக்கால் பத்திரம். ஷெட்டுக்கு வெளியே தள்ளி வைத்து உதையுங்கள்.

முதல் 500 கிலோமீட்டர்

போர் அடித்த என்ஜினுக்குச் சமதளம் நல்லது என்பார்கள், இங்கே சமதளத்துக்கு எங்கே போவது? கோத்தகிரியில் இருந்து கோடநாடு போகும் தேயிலைத் தோட்டச் சாலை நல்ல தேர்வு. பெரிய ஏற்றம் இல்லை, நெரிசலும் குறைவு. முதல் சில நாள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, முழுக்க ஆறவிட்டு மறுபடி எடுங்கள். ஏற்றத்தில் டாப் கியரில் முக்கவிடாமல் கீழ் கியரில் எடுப்பதே முக்கியம். மே மாதச் சீசனில் சோதனை ஓட்டம் வேண்டாம். குன்னூர் வழியாக ஏற்றி, கோத்தகிரி வழியாக இறக்கிவிடுவார்கள். சுற்றுலா வண்டிகளுக்கு நடுவில் புது பிரேக்கைப் பழக்க முடியாது. மேட்டுப்பாளையம் இறக்கத்தை, பிரேக் ஷூ டிரம்மில் முழுசாக உட்கார்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். ஏறும்போது என்ன கியரோ இறங்கும்போதும் அதே கியர்.

முதல் நூறு கிலோமீட்டரில் என்ஜின் ஆறியதும் ஹெட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் மறுபடி முடுக்கி, டேப்பட்டைத் திரும்பப் பாருங்கள், கட்டாயம் மாறியிருக்கும். ஸ்போக்கைத் தட்டிச் சத்தம் கேளுங்கள், மந்தமாக ஒலிப்பதை இறுக்குங்கள். காப்பீடு, மறுபதிவு ஆய்வு எல்லாம் முடித்துத்தான் ரோட்டுக்கு வந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

500-இல் ஆயிலை மாற்றும்போது வடித்ததை வெள்ளைத் துணியில் ஊற்றி வெயிலில் பாருங்கள். மெல்லிய சாம்பல் பூச்சு இருந்தால் ரிங்கு தேய்ந்து உட்காருகிறது, சரி. வெண்கல நிறத்தில் மினுமினுத்தால் பெரிய முனைப் புஷ் அரைபடுகிறது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் டைமிங் மூடியைத் திறந்து, முதலில் அந்தச் சின்ன ஆயில் சீலைப் பாருங்கள். பால் டீ நிறத்தில் ஆயில் வந்தால் பயம் வேண்டாம். குளிரில் குறைந்த தூரமே ஓட்டினால் உள்ளே ஈரம் கலந்து அப்படித்தான் ஆகும். மாற்றிவிட்டு, வாரத்துக்கு ஒரு முறையாவது என்ஜின் நன்றாகச் சூடேறும் அளவு ஓட்டுங்கள்.